முழுக் குழிவா, அரைக் குழிவா?

நெல்லிக்குப்பத்தில் என் கடைக்கு முடிவெட்ட வரும் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது திறந்த சவரக் கத்தி மேல் ஆசை வந்திருக்கிறது. செல்போனில் படத்தைக் காட்டி, "அண்ணே, ஃபுல் ஹாலோ வாங்கட்டுமா, ஹாஃப் ஹாலோ வாங்கட்டுமா? எது ஷார்ப்பா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி நியாயமானது. இரண்டாம் பாதிதான் ஆளைப் பொருந்தாத கத்தியிடம் கொண்டுபோய் விடுகிறது. ஒழுங்காகத் தீட்டினால் எந்தக் குழிவும் ஒரே கூர்மைக்கு வரும். குழிவைப் பொறுத்து மாறுவது கத்தியின் விறைப்பும் எடையும், அது கைக்குச் சொல்லும் சேதியும்தான். எந்தச் சேதி நம் கைக்குப் புரியுமோ அந்தக் குழிவை வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஆனால் இதைச் சும்மா சொன்னால் யாரும் நம்புவதில்லை; காரணத்தோடு சொல்ல வேண்டும்.

கத்தியை விரித்து, மூக்கு நுனி கண்ணுக்கு நேராக வரும்படி பிடியுங்கள். முதுகிலிருந்து வாய்வரை நேராகச் சரிந்து வந்தால் அது ஆப்புக் கத்தி. இரண்டு பக்கமும் கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் கால் குழிவு. இன்னும் உள்வாங்கினால் அரைக் குழிவு. முதுகை விட்டு இறங்கியதுமே தட்டு சட்டென்று மெலிந்து, வாய்ப்பக்கம் ஒடுங்கிப் போயிருந்தால் முழுக் குழிவு. நல்ல முழுக் குழிவில் நடுவே ஒரு சின்னத் தொப்பை நீளவாக்கில் ஓடும். மெலிந்த தட்டு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவது அதுதான். குழிவைக் கடைவது சுழலும் சாணைச் சக்கரம். பெரிய சக்கரத்தில் கடைந்தால் குழிவு ஆழமாக விழாது. சிறிய சக்கரத்தில் ஆழமாக விழும். ஆகவே குழிவு என்பது எஃகின் குணமோ கம்பெனியின் பெருமையோ இல்லை. நடுவிலிருந்து எவ்வளவு இரும்பை எடுத்தார்கள் என்கிற கணக்கு.

அந்தக் கணக்கு கூர்மையை ஏன் தொடுவதில்லை? சவரக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை தீர்மானிப்பதில்லை. கத்தியைக் கல்லில் படுக்க வைக்கிறோம். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுகின்றன. முதுகின் கனமும் தட்டின் அகலமும் சேர்ந்து கோணத்தைக் கொடுத்துவிடும். 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அகலமும், முதுகில் 4.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள கத்தியின் வாய்க்கோணம் சுமார் 16 பாகை. நடுவில் எவ்வளவு குடைந்திருந்தாலும் இது மாறாது. மயிரைச் சந்திக்கிற இடத்தில் ஆப்புக் கத்தியின் வாயும் முழுக் குழிவின் வாயும் ஒன்றே.

பிறகு ஆப்புக் கத்தி கூர் குறைந்தது என்ற பேச்சு எப்படி வந்தது? தீட்டும் பாட்டால் வந்தது. ஆப்பில் தட்டு முழுவதும் கல்லில் உராய்கிறது. அத்தனை இரும்பையும் தேய்த்தால்தான் வாய் நகரும். முழுக் குழிவில் முதுகில் ஒரு கோடு, வாயில் ஒரு கோடு, அவ்வளவுதான் கல்லைத் தொடும். சீக்கிரம் பதம் வந்துவிடும். பொறுமை இல்லாதவன் ஆப்புக் கத்தியைப் பாதியில் விட்டுவிட்டுக் கத்திமேல் பழியைப் போட்டான். பழைய கத்திகளில் ஆப்பு என்று விற்றதிலும் பெரும்பாலானவற்றில் லேசான குழிவு இருப்பதற்குக் காரணம் இந்தப் பாடுதான்.

என் அப்பாவின் அடைப்பத்தில் இருந்தது கொல்லுப்பட்டறையில் அடித்த நாட்டுக் கத்தி. கனமான தட்டு, குழிவு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அவர் அதை உள்ளங்கையில் தீட்டிக்கொண்டே பேசுவார். கெடிலத்தை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்த காலத்தில் அவருக்கு முக்கால்வாசி வேலை தலையில்தான். பக்கத்துத் திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமிக்கு மொட்டை நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. திருப்பதிக்கு நேர்ந்துவிட்டுப் போக முடியாதவர்களும் அங்கே வந்து முடி கொடுப்பார்கள். தலைக்கு அந்தக் கனத்த கத்தி சரியான கத்தி. தலைமுடி அடர்த்தி, இழுப்பு நீளம், அடியில் எலும்பு. மெலிந்த தட்டை அங்கே ஓட்டினால் மயிர்க்கற்றையில் மோதி அதிரும். அதிர்ந்தால் வரி வரியாக முடி நிற்கும், தோலும் கீறும். கனத்த தட்டு வளையாமல் தன் எடையிலேயே இறங்கும். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து முதல் மொட்டை போடுகிற குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அப்போது நமக்கு வேண்டியது நிதானமான கத்தி. சின்ன அசைவுக்கெல்லாம் துள்ளுகிற கத்தி இல்லை.

அப்பா கத்தியை மட்டமான சாமான் என்று நினைத்தவர்கள் உண்டு, ஜெர்மன் கத்தி வந்த பிறகு. நானும் ஜெர்மன் கத்தியில்தான் முகச்சவரம் பழகினேன். ஆனால் கனத்த கத்தி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்து உலகமெங்கும் விற்ற கத்திகளும் ஆப்புக்குப் பக்கத்தில் நிற்பவைதான். அந்தக் கத்திகளின் எஃகுக் கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய வூட்ஸ் எஃகின் மாதிரிகள் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டி வரைக்கும் போய் ஆராயப்பட்டன. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அந்த எஃகை மெச்சினார். பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அதற்கு இணையான எஃகைச் செய்யப் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். மின்சாரத்தால் பேர்பெற்ற அதே ஃபாரடேதான். தன் எஃகில் செய்த சவரக் கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தவர். 1830 வாக்கில், கும்பினி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், நம் மாவட்டத்துப் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். சேலத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கி, அந்த இரும்பைக் கப்பலேற்றினார். ஷெஃபீல்டில் அது எஃகாயிற்று. ஆலை நிலைக்கவில்லை. ஹீத் ஷெஃபீல்டுக்கே போய், மாங்கனீசு சேர்த்து வார்ப்பெஃகைத் திருத்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மிஞ்சியது வழக்குதான்.

குழிவைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், எஃகு சீராக இல்லாமல் குழிவு இட முடியாது. தட்டின் நடுவில் ஒரு கசடு இருந்தாலும் கனத்த கத்தி அதைத் தாங்கிக்கொள்ளும். முழுக் குழிவில் அந்த இடமே ஓட்டையாகும் அல்லது சில்லாகும். மூசையில் உருக்கிய வார்ப்பெஃகு கைக்கு வந்து, சிறிய சக்கரத்தில் கடைகிற வித்தையும் தேர்ந்த பிறகுதான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள் முழுக் குழிவுக்குப் பேர்பெற்றன. முழுக் குழிவு புது நாகரிகம், ஆப்பு பழங்காலம் என்று பிரிப்பதைவிட, அந்தந்த எஃகும் சக்கரமும் அனுமதித்ததை அந்தந்தக் காலம் செய்தது என்பதே சரி. இன்றைக்கு எந்தக் குழிவும் செய்யலாம் என்பதால்தான் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது.

இனி முகம். கன்னத்தில் நுரை பூசி, தோலை மேலே இழுத்துப் பிடித்து, முழுக் குழிவை இறக்கினால் முதலில் வேலை செய்வது காது. சர்ரென்று ஒரு ஒலி வரும். மயிர் தடித்த இடத்தில் ஒலி கரகரக்கும். நுரை உலர்ந்த இடத்தில் உயரும். வாய் மழுங்க ஆரம்பித்தால் அடங்கிப்போகும். முறத்தில் அரிசி புடைக்கிறவள் கல் இருப்பதைக் காதாலேயே அறிகிறமாதிரி, முழுக் குழிவுக்காரன் கண்ணுக்குத் தெரியாததை ஒலியால் அறிவான். தாடை எலும்பின் கீழ், காது மடலின் ஓரம், குரல்வளையின் இரு பக்கம் ஆகிய இடங்களில் இந்தச் சேதிக்கு விலையே இல்லை. ஆனால் சேதி சொல்கிற அந்த மெல்லிய தட்டு அழுத்தம் தாங்காது. கொஞ்சம் அழுத்தினால் வாய் வளையும். வளைந்த வாய் மேல்தோலைச் சுரண்டும். சவரம் முடிந்ததும் படிகாரம் போட்டால் முகமெல்லாம் எரிகிறது என்கிறவர், முழுக் குழிவை அழுத்திப் பிடித்தவர் என்று அர்த்தம்.

அரைக் குழிவு இவ்வளவு பேசாது. ஒலி கட்டையாக இருக்கும். அதற்குப் பதிலாக எடை வரும். அந்த எடை நம் கையின் அழுத்தத்தைக் குறைக்கும். தாடி கம்பியாக இருக்கிறவருக்கு, அதிலும் மோவாயில் இரண்டு நாள் விட்ட முடிக்கு, தயங்காமல் ஒரே இழுப்பில் போவது இதுதான். முழுக் குழிவு அங்கே நின்று நின்று போகும்.

இதை எனக்கு நன்றாகக் காட்டியவர்கள் கரும்பு வெட்டுகிறவர்கள். நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை தொடங்கியது 1842இல்; ஊரின் காலண்டரே அரவைதான். அரவை நடக்கும் மாதங்களில் கடைக்கு வருகிற வெட்டாள்களின் கன்னத்திலும் கழுத்திலும் கரும்புச் சோகை அறுத்த மெல்லிய கோடுகள் இருக்கும். சோகையின் ஓரம் ரம்பம் மாதிரியானது. அது அறுத்த கோடு பார்வைக்குத் தெரியாமல் விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படும். தாடியோ வாரக்கணக்கில் விட்டது. தாடிக்குக் கனத்த கத்தி வேண்டும், தோலுக்கு மெல்லிய கத்தி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் சமாளிப்பது அரைக் குழிவு. கன்னத்தில் மயிர் போகும் திசையில் மட்டும் ஒரு தடவை, எதிர்த்திசை வேண்டாம். "இன்னும் வழவழன்னு எடுப்பா" என்று கேட்பார்கள். கோடு ஆறிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட வேண்டும்.

எந்தக் கத்தியானாலும் முதலில் தண்ணீர். முடி நீரை உறிஞ்சினால் மென்மையாகும், வெட்டுவது எளிதாகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள்: முடியைவிட ஐம்பது மடங்கு கடினமான எஃகு வாயை அதே முடி எப்படிச் சில்லு பெயர்க்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். கத்தி வளைந்து முடியைச் சாய்வாகச் சந்திக்கிற இடத்தில், எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத புள்ளியில் சில்லு பெயர்கிறது. அவர்கள் பார்த்தது கடைப் பிளேடு. ஆனாலும் நம் கத்திக்கும் பாடம் உண்டு. சுடுதண்ணீர்த் துணியை முகத்தில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு வைப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபசாரம் மட்டுமில்லை, கத்திக்கும் அது பாதுகாப்பு. முழுக் குழிவு வைத்திருக்கிறவர் இதை ஒருநாளும் தவறவிடக் கூடாது.

குழிவைத் தேர்ந்தெடுப்பது பராமரிப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது. தோல் வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே போகும், வாய் பின்னே வரும். கல்லில் இதற்கு நேர்மாறு. வார் தொய்ந்திருந்தால் முழுக் குழிவின் வாய் உருண்டுபோகும். அரைக் குழிவு அந்தத் தொய்வைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சைக்கிளில் சாணை வைத்துக்கொண்டு தெருவில் வருகிறவரிடம் அரிவாள்மனை கொடுக்கலாம், வெட்டுக்கத்தி கொடுக்கலாம். சவரக் கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லில் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்தால், அதாவது 300 பாகை செல்சியஸை ஒட்டிப் போய்விட்டால், எஃகின் கடினம் இறங்கிவிட்டது. அந்த இடம் இனிப் பதம் நிற்காது. முழுக் குழிவில் அந்த நீலத்தைத் தேய்த்து எடுக்க இரும்பும் மிச்சமிருக்காது.

அடுத்த பகை துரு. நாம் இருப்பது கடற்காற்று எட்டும் ஊர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு, ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. மெஷின் எல்லாம் சும்மா கிடந்தது. திறந்த கத்திக்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் ஈரம் ஆகாது. கார்பன் எஃகில் ஒரு இரவு தண்ணீர் நின்றால் காலையில் பழுப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை அரைக் குழிவில் தேய்த்து எடுத்துவிடலாம். முழுக் குழிவில் வாய்க்குப் பக்கத்தில் புள்ளி குழியாகிவிட்டால், தீட்டத் தீட்ட அந்த இடத்தில் சில்லு பெயரும். துடைத்து, காய வைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி மடிப்பது பழைய வழக்கம். தினமும் அதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு முழுக் குழிவு வேண்டாம் என்பேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, கடையில் வருகிறவர்களுக்கு நான் இந்தக் கத்திகளால் சவரம் செய்கிறேனா என்றால், இல்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த வருஷங்களில் அந்தச் செய்தி ஒவ்வொரு சலூன் வாசலுக்கும் வந்தது. ஒரே கத்தியை முகத்துக்கு முகம் மாற்றுவது நின்றது. மஞ்சள் காமாலையின் பி, சி வகைகளும் ரத்தத்தில் பரவுகிறவை என்பது ஜனங்களுக்குத் தெரிந்தது. பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியை மாட்டுகிற கத்தி எல்லாக் கடைக்கும் வந்தது. அது சரியான மாற்றம், தாமதமாக வந்த மாற்றமும்கூட. அந்தக் கத்தியில் குழிவு என்ற கேள்வியே கிடையாது: 0.1 மில்லிமீட்டர் பிளேடை இரண்டு தகடுகள் கவ்விக்கொண்டிருக்கும், விறைப்பு முழுவதும் தகடுகளுடையது. சேதி அதிகம் வராது. ஆனால் ஒவ்வொருவருக்கும் புது வாய். பொதுக்கடைக்கு அதைவிடப் பெரிய குணம் வேறில்லை. கோயிலில் மொட்டை அடிக்கிற இடத்திலும் தலைக்கு ஒரு புதுப் பிளேடு என்பதைக் கேட்டு வாங்குங்கள். அறநிலையத்துறைக் கோயில்களில் 2021இல் மொட்டைக் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். பிளேடு மாற்றச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஆகவே திறந்த கத்தி இன்றைக்கு ஒரே ஆளுக்குரிய கத்தி. பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் தங்கள் கத்தியைத் தாங்களே கொண்டுவருவார்கள்; அவர்கள் முகத்துக்கு மட்டும் அது. இது தேர்வைச் சுலபமாக்குகிறது. முன்பெல்லாம் ஒரு கத்தியால் ஊர்முகம் முழுவதையும் சமாளிக்க வேண்டியிருந்தது. இப்போது உங்கள் ஒரு முகத்துக்கும் ஒரு கைக்கும் பொருந்தினால் போதும்.

கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கணக்கு இது. தாடி கம்பியாக இருந்து, மோவாயில் அடர்ந்திருந்தால் அரைக் குழிவு. தாடி மெலிந்து, கன்னம் ஒட்டிப்போய், தாடை எலும்பு கூராக இருந்தால் முழுக் குழிவு பிறகு உதவும். தலையை நீங்களே மழித்துக்கொள்கிறவரானால் கால் குழிவு, அல்லது ஆப்பை ஒட்டியது. தோல் எளிதில் சிவப்பவரானால் குழிவைப் பற்றி யோசிக்குமுன் அழுத்தத்தைக் குறைக்கப் பழகுங்கள். முதுகைத் தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகைக்குமேல் தூக்காதீர்கள். கழுத்தில் முடி சுருண்டு உள்ளே வளர்கிறவர் எந்தக் கத்தியிலும் எதிர்த்திசையில் போக வேண்டாம்.

பழைய கத்தி வாங்குவதானால், படத்தை நம்பாமல் கையில் வாங்கிப் பாருங்கள். மூக்கு நுனியிலிருந்து பார்த்தால் குழிவு தெரியும். முதுகு இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் கோணம் குலைந்துவிட்டது. முதுகு மிகவும் தட்டையாகத் தேய்ந்த முழுக் குழிவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். வாய்க்கு அருகே கருப்புக் குழிகள் இருந்தாலும் வேண்டாம். சோலிங்கன் என்ற பேர் 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்புள்ள பேர். ஆனால் பேர் பொறித்ததெல்லாம் அந்த ஊரில் செய்தது ஆகிவிடாது. பேரைவிட முதுகையும் வாயையும் பாருங்கள்.

எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியவில்லையென்றால் என் தீர்ப்பு இது: முதல் கத்தி 5/8 அங்குல அரைக் குழிவு, உருண்டை மூக்கு. அதில் பேசுகிற ஒலி குறைவு, ஆனால் பிழை பொறுக்கும் குணம் அதிகம். கை அதில் லேசான பிறகு முழுக் குழிவுக்குப் போனால், அது சொல்வதெல்லாம் உங்களுக்குப் புரியும். முழுக் குழிவில் தொடங்குகிறவர்களில் பலர் எரிச்சலோடு நிறுத்திவிடுகிறார்கள். கத்தி பெட்டிக்குள் போய்விடுகிறது. வாங்கும்போதே ஒரு வாரும் வாங்கிவிடுங்கள், வார் இல்லாத கத்திக்கு எந்தக் குழிவும் உதவாது. வாங்கிய கத்தியை அண்ணன் தம்பிக்குக்கூடக் கடன் கொடுக்காதீர்கள்.